கடதாசி வேலைக்குப் பசையும் லமினேற்றும்: தெரிவு செய்வதும் பாவிப்பதும்

வாழ்த்து மட்டையோ, பிள்ளையின் பாடசாலை ஒப்படையோ, பொங்கலுக்கு ஏற்றும் பட்டமோ, ஒட்டியது சுருங்கினாலும் கழன்றாலும் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். பசைக்குள் இருக்கும் தண்ணீர், காற்றில் இருக்கும் ஈரம், லமினேற் உறைக்குள் அகப்பட்ட ஈரம் மூன்றையும் கவனித்தால் மலிவான பொருளிலும் நல்ல வேலை வரும். கவனிக்காவிட்டால் விலை கூடிய பசையும் உதவாது.

படி 1: கடதாசியின் நாரோட்டத்தைப் பாருங்கள்

இயந்திரத்தில் செய்த கடதாசியில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் அந்த நார்கள் நீளத்தில் அல்ல, அகலத்தில்தான் கூடுதலாக ஊதும். அதனால் கடதாசி ஒரு பக்கமாகச் சுருளும். திசையை அறிய ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். நாரோட்டத்தோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். தடித்த மட்டை என்றால் மெதுவாக வளையுங்கள். இலகுவாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் விழுகிறதோ அதுதான் நாரோட்டம்.

இரண்டு தாள்களை ஒட்டும்போது இரண்டின் ஓட்டமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் தாள் ஒட்டினால் காய்ந்ததும் அது அந்தப் பக்கமாக வளையும். பின்பக்கத்திலும் அதே தடிப்பில் ஒரு தாள் ஒட்டினால் இழுவை சமமாகிவிடும். இதைச் செய்யாமல் பசையைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

படி 2: வேலைக்கு ஏற்ற பசை

வெள்ளைப் பசை, அதாவது பி.வி.ஏ., மட்டை வேலைக்கும் பெட்டி செய்யவும் மிகப் பொருத்தம். புத்தகக்கடையில் சின்னப் போத்தலிலும் ஹாட்வெயாரில் பெரிய பேணியிலும் கிடைக்கும். காய்ந்தால் கண்ணாடி போலத் தெளியும், மடித்தாலும் வெடிக்காது. தடித்த மட்டைக்கு அப்படியே பூசலாம். பெரிய தாளை முழுதாக ஒட்ட 3 பங்கு பசைக்கு 1 பங்கு தண்ணீர் கலந்து தூரிகையால் பூசுங்கள். இதற்கு மேல் தண்ணீர் விட்டால் தாள் ஊறி அலை விழும்.

குச்சிப் பசையில் தண்ணீர் குறைவு. சாதாரண 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) ஏ4 தாளில் சின்னப் படங்கள் ஒட்ட அது நல்லது, சிறு பிள்ளைகளுக்கும் கைக்கு வசதி. ஆனால் மட்டையோடு மட்டை ஒட்டும் வேலைக்கு எடுக்காதீர்கள். சில மாதங்களில் ஓரம் கிளம்பும்.

கோதுமை மாப்பசை பட்டத்துக்கும் கடதாசிக்கூழ் வேலைக்கும் போதும். 1 பங்கு மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தத் தண்ணீர் 5 பங்கு ஆகும்வரை சேர்த்து, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிண்டுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடித்தன்மை வந்ததும் இறக்கி, ஆறவிட்டு வடித்துப் பாவியுங்கள். எங்கள் வெக்கையில் வெளியே வைத்தால் அடுத்த நாளே புளிக்கத் தொடங்கும்; அன்றன்றைக்குத் தேவையானதைக் காய்ச்சுவது நல்லது. பூச்சி அரிக்காமல் இருக்கத் துருசு (மயில்துத்தம்) போடும் பழைய வழக்கம் உண்டு. துருசு நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய வேலை என்றால் மாப்பசையை விட்டு வெள்ளைப் பசைக்குப் போங்கள். மாவைக் கரப்பானும் ராமபாணப்பூச்சியும் விடாது.

றப்பர் பசை சுருக்கம் விழாமல் ஒட்டும். ஆனால் காலம் போகக் கடதாசியில் மஞ்சள் கறை ஊறும். சுப்பர் குளூ கடதாசிக்குள் இழுபட்டு அந்த இடத்தை விறைப்பாக்கும், மடித்தால் வெடிக்கும். இரண்டையும் கடதாசி வேலையில் தவிர்த்துவிடலாம். செலோரேப்பும் அப்படியே, தற்காலிகமாகப் பிடித்து வைக்க மட்டும்.

படி 3: ஒட்டுமுன் சோதனை

பாவிக்கப் போகும் அதே கடதாசியில் 2 சென்ரிமீற்றர் அகலமான இரண்டு கீலங்கள் வெட்டி, முனைகள் 1 சென்ரிமீற்றர் மேற்படியும்படி ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு இழுத்துப் பிரியுங்கள். கடதாசியின் நார் கிழிந்து வந்தால் பசை போதும். ஒட்டிய இடம் சுத்தமாகக் கழன்று வந்தால் பசை பழசு, அல்லது கடதாசியின் மேற்பூச்சு பசையை உள்ளே விடவில்லை. மினுங்கும் தாள்களில் இரண்டாவதுதான் வழக்கம். ஒட்டும் இடத்தை மெல்லிய மண்தாளால் லேசாக உரசிவிட்டால் பிடிக்கும்.

படி 4: ஒட்டுவதும் காயவைப்பதும்

நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிப் பூசுங்கள். மெல்லிய தாளுக்கும் மட்டைக்கும் இடையில் ஒட்டும்போது பசையை மட்டையில் பூசித் தாளை மேலே இறக்குங்கள். தாளில் பூசினால் கைக்குள்ளேயே சுருளும். சுத்தமான துணியால் நடுவிலிருந்து தடவிக் காற்றை வெளியேற்றி, மேலும் கீழும் பொலித்தீன் தாள் வைத்து, பாரமான புத்தகங்களுக்குக் கீழ் இரவு முழுவதும் விடுங்கள். வெயிலில் காயவைத்தால் மேற்பக்கம் முந்திக் காய்ந்து வளையும்.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பசை பூசி முடிக்குமுன்பே ஆடை கட்டிவிடும். யன்னலைச் சாத்திக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு சிறு பகுதியாக ஒட்டுங்கள். செம்மண் தூசியும் பசையில் விழாது. ஐப்பசி, கார்த்திகை மாரியிலோ எதிர்மாறு, ஒரு இரவு போதாது, இரண்டு நாள் விடுங்கள். வல்வெட்டித்துறைப் போட்டிக்குப் பட்டம் கட்டுபவர்களுக்கும் இதே ஈரம்தான் சிக்கல். ரிசு பேப்பர் மிக மெல்லியது, பசை கூடினால் ஊறிக் கிழியும். மூங்கிலில் ஒரு மெல்லிய கோடாகப் பசை இழுத்து மடித்தால் போதும்.

படி 5: லமினேற் செய்தல்

சூட்டு லமினேற் உறையின் தடிப்பை மைக்ரோனில் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்வார்கள். 125 மைக்ரோன் என்றால் ஒவ்வொரு பக்கமும் 125. கோவைக்குள் (பைலுக்குள்) வைக்கும் தாளுக்கு 80 போதும், பிள்ளைகள் கையாளும் அட்டைகளுக்கு 125 எடுங்கள்.

பசை போட்ட வேலையை ஒரு நாளாவது காயவிடாமல் இயந்திரத்துக்குள் விடக்கூடாது. உருளைகளின் சூடு 100 பாகைக்கு மேல் போகும்; மிச்ச ஈரம் ஆவியாகி உறைக்குள் கொப்புளம் போடும். மையால் அச்சிட்ட தாளையும் நன்றாக உலரவிடுங்கள். மெழுகுப் பென்சில் வண்ணம் உருகிப் பரவும். கடை பற்றுச்சீட்டு போன்ற சூட்டில் அச்சாகும் தாள் முழுதும் கறுத்துவிடும்.

அட்டைகளை முதலில் வெட்டி, உறைக்குள் இடைவெளி விட்டு அடுக்கி, மூடிய பக்கம் முன்னால் போகும்படி உள்ளே விடுங்கள். வெளியே வந்து ஆறிய பிறகு, கடதாசியைச் சுற்றி 3 மில்லிமீற்றராவது வெறும் பிளாஸ்ரிக் இருக்கும்படி வெட்டுங்கள். முழுப் பலமும் அந்த ஓரத்தில்தான். கடதாசியோடு ஒட்டி வெட்டினால் பக்கவாட்டால் ஈரம் ஏறி, கடதாசியே நடுவில் இரண்டாகப் பிளக்கும். மூலைகளை வளைத்து வெட்டுங்கள்.

நூல் கோர்க்கத் துளை வேண்டுமென்றால் கடதாசியில் முதலே 10 மில்லிமீற்றர் வட்டம் வெட்டி எடுங்கள். லமினேற் செய்தபின் அந்த வட்டத்தின் நடுவில் சாதாரண 6 மில்லிமீற்றர் துளை போடுங்கள். துளையைச் சுற்றியும் பிளாஸ்ரிக் ஓரம் கிடைத்துவிடும்.

வெளியே வந்தது பால் போல மங்கலாக இருந்தால் சூடு போதவில்லை, இன்னொரு தடவை விடலாம். அலை அலையாக இருந்தால் சூடு கூடிவிட்டது. அதைத் திருத்த முடியாது. அதனால் கடையில் கொடுத்துச் செய்வதானாலும் முதலில் ஒரு வெற்றுத் தாளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பழைய குடும்பப் படம் எதையும் மூலப்பிரதியாக லமினேற் செய்யாதீர்கள். உருகி ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. நிழற்பிரதி எடுத்து அதைச் செய்யுங்கள், மூலப்பிரதியைத் திறந்த பிளாஸ்ரிக் உறையில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.