வெயில் கடல்களுக்குக் கப்பல் சுற்றுலா: எந்த நிறுவனம் சரிப்படும்?

முதலில், யாரோடு போகிறீர்கள் என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ராயல் கரீபியன், டிஸ்னி, கார்னிவல் மூன்றையும் ஒப்பிடுங்கள். வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் இரண்டிலும் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை. ஆனால் வர்ஜினில் கொண்டாட்டம், வைக்கிங்கில் அமைதி. வைக்கிங்கில் சூதாட்டக் கூடம்கூட கிடையாது.

கரீபியன் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். கட்டணம் இறங்கும்தான்; ஆனால் புயல் வந்தால் கப்பல் பாதை மாறும், ஒரு தீவே விட்டுப்போகலாம். அதற்காகப் பயணக் கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

விளம்பர விலையை நம்பி ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கான விலை. தனியாகப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். அதோடு தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று டிப்ஸ், துறைமுக வரி, வைஃபை, மதுபானம் என்று விலையில் சேராத எல்லாவற்றையும் கூட்டுங்கள். மதுபான பேக்கேஜை ஒருவர் வாங்கினால் அதே அறையிலுள்ள மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதிக்கின்றன. குடிக்காதவர் தலையிலும் செலவு விழுவது இப்படித்தான்.

குமட்டல் வரும் உடம்பென்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. தள வரைபடத்தில் உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நீச்சல் குளத் தளமென்றால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்.