ரொட்டித்தூளில் பொரித்த தொடைக்கறியும் மிளகுக் குழம்பும்

அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் ‘சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக்’ என்று ஒரு சாப்பாடு உண்டு. கோழி பெயரில் மட்டும்தான். உள்ளே இருப்பது மாட்டுத் தொடைக்கறி. கோழியைப் பொரிக்கிற மாதிரியே மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரிப்பதால் அந்தப் பெயர். பொரித்த சட்டியிலேயே மைதாவை வறுத்து, பாலூற்றி, மிளகு தூக்கலாகப் போட்டு ஒரு வெள்ளைக் குழம்பு வைத்து மேலே ஊற்றுவார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து குடியேறியவர்களின் ஷ்நிட்செல்தான் (மெல்லியதாகத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறி) இதற்கு மூலம் என்பது பரவலான கருத்து.

மிளகுக் குழம்பும், முட்டையில் நனைத்து ரஸ்க் தூளில் புரட்டிய கட்லெட்டும் காரைக்குடி, தேவகோட்டை அடுப்படிகளுக்குப் புதிதில்லை. ஆனால் மாட்டுக்கறி இருந்த இடத்தில் வெள்ளாட்டுக்கறி வரும்போது கணக்கு மாறிவிடும். ஆட்டுக்கறியை நாம் குழம்பில் நெடுநேரம் வேகவைத்துத்தான் மெத்தென்று ஆக்குகிறோம். இதில் கறி எண்ணெயில் கிடப்பது மொத்தமே ஆறு நிமிடம். அதற்குள் ஆட்டுத் தொடைக்கறி பதமாகாது. எண்ணெய்க்குப் போகும் முன்பே கறி இளகியிருக்க வேண்டும், மேலே ஈரம் இல்லாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் பொரிப்பது தோசை சுடுகிற அளவு வேலைதான்.

கறி வாங்கும்போது

நான்கு பேருக்கு, எலும்பில்லாத பின்னந்தொடைக் கறி அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். கூடவே எலும்பு கால் கிலோ. குழம்புக்கு அது வேண்டும். ‘துண்டு போட வேண்டாம், நாருக்குக் குறுக்காக ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லையாக அரிந்து கொடுங்கள்’ என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். நார் நீளவாக்கில் ஓடுகிற மாதிரி அரிந்தால் எவ்வளவு தட்டினாலும் சவைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். உள்ளங்கை அகலத்தில், 65 கிராம் அளவில் எட்டு வில்லை தேறும். ஆளுக்கு இரண்டு.

இளங்கறிதான் இதற்குச் சரி. இளசு வெளிர்சிவப்பாக இருக்கும்; கருஞ்சிவப்பாக, சவ்வு தடித்திருந்தால் முற்றல். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தேர்ந்தெடுக்க முடியாமல் முற்றல்தான் கிடைத்தது என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறது. கொழுப்பை முழுதும் கழித்துவிடுங்கள். ஆட்டுக்கொழுப்பு ஆறியதும் உறைந்துவிடும். மேலோடு மொறுமொறுப்பாக இருந்தாலும் வாயில் மெழுகு ஒட்டினாற்போல ஆகிவிடும். வில்லையின் ஓரத்தைச் சுற்றி வெள்ளைச் சவ்வு இருந்தால் நான்கைந்து இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் சூட்டில் சவ்வு சுருங்கி, வில்லை கிண்ணமாக மடங்கி, நடுவில் எண்ணெய் படாமல் போகும்.

தட்டுவதும் ஊறவைப்பதும்

கறியைக் கழுவி, வடித்தட்டில் பத்து நிமிடம் வையுங்கள். ஒரு தடித்த பாலித்தீன் தாளுக்குள் வைத்து, அம்மிக்குழவியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கிழியும். குழவியின் கனமே போதும். ஒரு சென்டிமீட்டர் கனம் ஆறு மில்லிமீட்டராகக் குறைந்து, வில்லை விரிந்திருக்க வேண்டும். பிறகு முள்கரண்டியால் இரண்டு பக்கமும் நெருக்கமாகக் குத்துங்கள்.

பச்சைப் பப்பாளிக் காயைத் தோலோடு அரைத்த விழுது, தலைதட்டாமல் ஒரு தேக்கரண்டி. அரைக் கிலோவுக்கு இதற்கு மேல் வேண்டாம். காயின் பாலில் உள்ள பப்பெயின் என்ற நொதிதான் நாரை அறுக்கிறது. பழுத்த பப்பாளியில் அது மிகவும் குறைந்துவிடும், அதனால் செங்காய்கூட வேண்டாம். நொதி விழுது பட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும். குத்திவிடச் சொன்னது அதற்காகத்தான். 45 நிமிடம் போதும். இரவெல்லாம் ஊறினால் மேற்புறம் களியாகிக் கொழகொழக்கும், நடுப்பாகமோ அப்படியே இருக்கும். அந்தக் களிமேல் எந்த மாவும் ஒட்டாது.

இஞ்சி பூண்டு விழுதை நம் கை தானாகவே அள்ளிப் பூசப் போகும். இங்கே அது கூடாது. விழுதின் சக்கை கறிக்கும் மாவுக்கும் நடுவே நின்று, பொரிக்கும்போது நீராவி கக்கி மேலோட்டைத் தூக்கிவிடும். இரண்டு தேக்கரண்டி விழுதை ஒரு துணியில் கட்டிப் பிழிந்து, சாற்றை மட்டும் சேருங்கள். அதோடு உப்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. தயிர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம்.

கறி ஊறுகிற நேரத்தில் எலும்பை மூன்று டம்ளர் (600 மில்லி) தண்ணீர், சிட்டிகை மஞ்சள், நாலு பல் தட்டிய பூண்டு போட்டுக் குக்கரில் ஆறு விசில், பிறகு சிறு தீயில் கால் மணி நேரம் வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். மேலே மிதக்கிற கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். இரண்டு டம்ளருக்கு மேல் சாறு கிடைக்கும்.

ரொட்டித்தூள்

கடை ரஸ்க்கைப் பொடித்துப் போடுவதுதான் வழக்கம். ஆனால் பெரும்பாலான ரஸ்க் இனிப்பு ரஸ்க். அதிலுள்ள சர்க்கரை கறி வேகும் முன்பே கருகிவிடும். வெளியே காப்பிக்கொட்டை நிறம், உள்ளே பச்சை. இனிப்பில்லாத சாதா பிரெட் 12 துண்டு வாங்கிப் பிய்த்து, தாம்பாளத்தில் பரப்பி, முற்றத்து வெயிலில் ஒரு பகல் போடுங்கள். மேலே ஒரு மெல்லிய துணி. செட்டிநாட்டு வெயிலுக்கு மாலைக்குள் அப்பளம் மாதிரி நொறுங்கும். மழைக்காலமென்றால் தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் புரட்டிக் காயவையுங்கள். மிக்சியில் விட்டு விட்டு இரண்டு சுற்று. ரவையைவிடப் பருமனாக இருக்க வேண்டும். மாவாக அரைபட்டால் மேலோடு தட்டையாக, இறுகலாக வரும். பருமனாக இருந்தால்தான் கடிக்கும்போது நொறுங்குகிற சத்தம் கேட்கும்.

புரட்டுவது

ஊறிய கறியில் இருக்கும் விழுதை வழித்தெடுத்து, சுத்தமான பருத்தித் துணியால் இரண்டு பக்கமும் ஒற்றுங்கள். துணியில் ஈரம் படாத வரை ஒற்ற வேண்டும். மேலோடு தனியாகக் கழன்று வருகிற குறைக்குப் பெரும்பாலும் இந்த ஒற்றலைச் சுருக்கியதுதான் காரணம். ஒற்றிய பிறகு மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி கலந்து கறியின்மேல் தூவித் தடவுங்கள். மிளகாய்த்தூளை ரொட்டித்தூளில் கலக்காதீர்கள்; நேராக எண்ணெய் படுகிற மிளகாய் கருகிக் கசக்கும்.

மூன்று தட்டு. முதலில் மைதா 80 கிராமும் பச்சரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டியும் கலந்தது, சிட்டிகை உப்புடன். அடுத்து மூன்று முட்டை, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு நூல் இல்லாமல் அடித்தது. மூன்றாவது ரொட்டித்தூள். மாவில் புரட்டி, தட்டி உதறுங்கள். மெல்லிய பூச்சுதான் நிற்க வேண்டும். மாவு மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும், முட்டை மாவைப் பிடிக்கும், தூள் முட்டையைப் பிடிக்கும். மாவு திட்டாக நின்றால் அந்த இடத்தில் முட்டை கறியோடு சேராமல் பொக்கென்று உப்பும். வலக்கை ஈரத்துக்கு, இடக்கை உலர்ந்ததற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே கையால் செய்தால் நாலாவது வில்லைக்குள் விரலிலேயே ஒரு கட்லெட் சேர்ந்துவிடும். ரொட்டித்தூளில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள்.

புரட்டிய வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், கம்பித்தட்டில் 20 நிமிடம் விடுங்கள். இந்த நேரத்தில் தூள் முட்டையின் ஈரத்தைக் குடித்து, பூச்சு ஒரே தோலாகிவிடும். விருந்தாளி வருகிற நாளில் இதுவரை செய்து, ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் வைக்கலாம்.

பொரிப்பது

அகலமான, அடிகனமான இருப்புச்சட்டியில் ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய், சுமார் அரை லிட்டர். சுத்திகரித்த கடலை எண்ணெய் நல்லது. செக்கெண்ணெய் மணமாக இருந்தாலும் இந்தச் சூட்டில் சீக்கிரம் புகையும். அதைத் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூடு 170 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிறு பிரெட் துண்டைப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. 20 நொடியில் நிறம் மாறினால் தீயைக் குறைத்துக் காத்திருங்கள். அடியில் போய்ச் சும்மா கிடந்தால் இன்னும் காயவில்லை. அந்த எண்ணெயில் கறியைப் போட்டால் தூள் எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும்.

ஒரு தடவைக்கு இரண்டே வில்லை. அதிகம் போட்டால் சூடு இறங்கிவிடும். போட்டதும் கிளறவோ நகர்த்தவோ வேண்டாம். பூச்சு இறுகும்வரை முதல் ஒன்றரை நிமிடம் தொடாதீர்கள். இரண்டரை முதல் மூன்று நிமிடத்தில் தோசைத்திருப்பியால் ஒரே ஒருமுறை திருப்பி, மறுபக்கம் அதே நேரம். சடசடவென்ற சத்தம் அடங்கி மெல்லிய சலசலப்பாக மாறும்போது எடுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே எண்ணெயில் உதிர்ந்த தூளை ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிடுங்கள். முதல் ஈட்டின் தூள் மூன்றாவது ஈட்டுக்குள் கரியாகி ஒட்டும்.

எடுத்ததைக் கம்பித்தட்டில் வையுங்கள். காகிதத்தின்மேல் போட்டால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே நமுத்துவிடும். செய்தித்தாள் கூடவே கூடாது. அச்சுமை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

மிளகுக் குழம்பு

எண்ணெயை வடித்துவிட்டு, சட்டியில் மூன்று மேசைக்கரண்டி மட்டும் விடுங்கள். அடியில் தங்கியிருக்கும் பழுப்புத் துணுக்கு இருக்கட்டும், ருசி அதில்தான். கறுப்பாக இருந்தால் சட்டியைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள், கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது.

சோம்பு அரைத் தேக்கரண்டி, விரல் நுனியளவு கல்பாசி, ஒரு சிறு பட்டை. கல்பாசியில் தாராளம் காட்டாதீர்கள், மருந்து வாடை வந்துவிடும். பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் பத்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடியானதும் மைதா மூன்று மேசைக்கரண்டி, தலைதட்டி. சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கிண்டினால் பச்சை வாடை போய் பிஸ்கட் மணம் வரும். மேலும் சிவக்க விட்டால் குழம்பு கெட்டிப்படும் சக்தி குறையும்.

அடுப்பைக் குறைத்து, வெதுவெதுப்பான எலும்புச் சாறு இரண்டு டம்ளரை (400 மில்லி) மூன்று தடவையாக ஊற்றுங்கள். முதல் அரை டம்ளர் ஊற்றியதும் மாவு உருண்டு களியாகும். பயப்படாமல் மத்தால் கடைந்து வழவழப்பான பிறகே அடுத்தது. ஒரேயடியாகக் கொட்டினால்தான் கட்டி விழும். விழுந்துவிட்டால் வடிகட்டி மறுபடி அடுப்பில் வையுங்கள். ஐந்து நிமிடம் கொதித்ததும், அப்போதுதான் இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு, கடைசியாக முதல் தேங்காய்ப்பால் அரை டம்ளர். தேங்காய்ப்பால் விட்ட பிறகு தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், திரியும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். டெக்சாஸ் ருசியே வேண்டும் என்பவர்கள் சோம்பு, கல்பாசி, வெங்காயம், எலும்புச் சாறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டரை டம்ளர் பசும்பாலும் மிளகும் மட்டும் சேர்க்கலாம். தேங்காய்ப்பால் குழம்புதான் ஆட்டுக்கறிக்குப் பொருந்தும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. பசும்பாலில் ஆட்டுவாடை எடுப்பாகத் தெரியும்.

கரண்டியின் பின்புறம் படிந்து மெதுவாக வழிகிற பதத்தில் நிறுத்துங்கள். ஆற ஆற இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

கறி முற்றல் என்றால்

தட்டவும் வேண்டாம், பப்பாளியும் வேண்டாம். ஒன்றரைச் சென்டிமீட்டர் கனத்தில் அரிந்த வில்லைகளை உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டுச் சாறு, அரை டம்ளர் தண்ணீருடன் குக்கரில் நான்கு விசில் வையுங்கள். கத்தி எளிதாக இறங்க வேண்டும், ஆனால் கறி நார்நாராகப் பிரியக் கூடாது. அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, எடுத்து ஒற்றி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். சூட்டோடு மாவில் புரட்டினால் ஆவி பூச்சைத் தள்ளிவிடும். கறி ஏற்கெனவே வெந்திருப்பதால், பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் பொரித்தால் போதும். குக்கர் தண்ணீரைக் குழம்புக்கு எலும்புச் சாற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு இருக்கிறது, குழம்பில் உப்பைக் குறைக்க வேண்டும்.

கோழி நெஞ்சுக்கறியில் செய்வதானால் பப்பாளியே தொடாதீர்கள், கூழாகிவிடும்.

பரிமாறும்போது

டெக்சாஸில் குழம்பை மேலே ஊற்றுகிறார்கள், மசித்த உருளைக்கிழங்கு பக்கத்தில். நீங்கள் தட்டில் முதலில் ஒரு கரண்டி குழம்பைப் பரப்பி, அதன்மேல் கறியை வையுங்கள். மேல்பக்கம் கடைசி வாய் வரைக்கும் மொறுமொறுப்பாக நிற்கும். மீதிக் குழம்பு இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் அருமையாகப் பொருந்தும். நீளமாக அரிந்த வெள்ளரியும் எலுமிச்சைத் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

மிஞ்சிய வில்லையை மறுநாள் தோசைக்கல்லில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் பக்கத்துக்கு நாலு நிமிடம் சுடவையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் மேலோடு ஈரச் சாக்கு மாதிரி ஆகிவிடும். பொரித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் கறிக்குழம்புத் தாளிப்புக்குப் பயன்படுத்திவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.