இழுவைக் கொக்கிக்குப் பக்கத்தில் பின் படி பொருத்துதல்

பழைய லாண்ட் றோவர் டிபெண்டரின் பின் கதவால் முதியவர்களை ஏற்றியவர்களுக்கு அந்த உயரம் எவ்வளவு சிரமம் தருவது என்பது தெரியும். வல்லிபுரக் கோவிலுக்குப் புறப்படும் போதெல்லாம் என் அம்மம்மா ஒரு சிறிய முக்காலியையும் கையோடு எடுத்து வருவார். அவருக்காகவே பின் படி பொருத்த முடிவு செய்தேன். ஆனால் அதே வண்டிதான் ட்ரெயிலரில் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துச் செல்கிறது என்பதால் கொக்கியைக் கழற்ற வழியில்லை.

முதற்தடவை ஒரு பட்டறையில் படியைக் கொக்கியில் ட்ரெயிலர் மாட்டும் உருண்டைக்கு நேர் மேலே வைத்துத் தந்தார்கள். பார்வைக்கு அழகாக இருந்தது. ட்ரெயிலரை மாட்டிய பிறகுதான் அதன் இணைப்பின் கைப்பிடியை மேலே தூக்குவதற்கு இடமில்லை என்பது தெரியவந்தது. ஆகவே படியைக் கொக்கிக்கு ஒரு பக்கமாக, கதவின் கைப்பிடி இருக்கும் பக்கத்தில் வையுங்கள். பிணைச்சல் பக்கத்தில் வைத்தால் திறந்த கதவே ஏறுபவரை மறிக்கும். இடத்தைத் தீர்மானிக்கும்போது ட்ரெயிலர் மாட்டப்பட்டிருக்க வேண்டும். வெறுந்தரையில் வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்து, ட்ரெயிலர் இரு பக்கமும் முழுமையாகத் திரும்பும் நிலையில் அதன் இழுவைத் தண்டு எதுவரை வருகிறது என்று சோக்கட்டியால் குறித்துக்கொண்டு, அதிலிருந்து குறைந்தது 5 சென்ரிமீற்றர் விலகியே படியின் விளிம்பு அமைய வேண்டும். மணற்காட்டு மணல்மேடு போன்ற இடங்களில் தண்டு மேலும் கீழும் அசையும் என்பதால் அந்த அசைவையும் சேர்த்துப் பாருங்கள். படியின் அடிப்பக்கம் கொக்கியின் அடிப்பக்கத்தை விடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் பள்ளத்திலிருந்து ஏறும்போது அதுவே முதலில் நிலத்தில் உரசும். இலக்கத்தகடு, பின் விளக்குகள், ட்ரெயிலர் விளக்குக்கான மின்செருகி ஆகியவை மறைபடாதிருப்பதையும் கவனியுங்கள்.

படி தாங்கவேண்டிய விசையைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 100 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் வண்டியின் பின் குறுக்குச் சட்டத்திலிருந்து 25 சென்ரிமீற்றர் வெளியே நிற்கிறார், மேல் போல்ட்டுகளுக்கும் கீழ் போல்ட்டுகளுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் உள்ளது என்று வைத்துக்கொண்டால், மேல் போல்ட்டுகளை ஏறத்தாழ 250 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை வெளியே இழுக்கும். அவர் சட்டென்று ஏறினால் அது இரு மடங்காகும். இதனால்தான் பம்பரிலோ டிபெண்டரின் அலுமினிய உடற்தகட்டிலோ படியைப் பூட்டக் கூடாது என்கிறேன். சேசியின், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின், பின் குறுக்குச் சட்டம் மட்டுமே இதற்கு உரிய இடம்.

அச்சட்டம் உள்ளே வெறுமையான பெட்டி. அதனூடாக போல்ட்டைச் செலுத்தி வெறுமனே இறுக்கினால் சுவர்கள் உள்நோக்கி நசுங்கி, சில மாதங்களில் போல்ட் தளர்ந்துவிடும். போல்ட் செல்லும் வழியில், சட்டத்தின் தடிப்புக்குச் சரியாக வெட்டிய உருக்குக் குழாய்த் துண்டொன்றை உள்ளே வைத்து, பின்புறத்தில் அகன்ற உருக்குத் தகடும் கொடுங்கள். டிபெண்டரின் 110 வகையில் எரிபொருள் தாங்கி இச்சட்டத்துக்குச் சற்று முன்னால் இருப்பதால், துளையிடும் அலகு எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதை நாடா ஒட்டி அடையாளமிட்ட பின்னரே தொடங்க வேண்டும். அந்த இடத்தில் வெல்டிங் செய்ய எவரையும் அனுமதிக்காதீர்கள். துளையின் ஓரத்தைச் சுத்தமாக்கி, நாகம் கலந்த பூச்சைப் பூசிக் காயவிடுங்கள்.

8.8 வலிமைத் தர போல்ட்டுகளையும் நைலோன் வளையமுள்ள நட்டுகளையும் பயன்படுத்துங்கள். படியுடன் வந்த குறிப்பில் இறுக்க அளவு தரப்படாவிட்டால், 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஏறத்தாழ 80 நியூற்றன் மீற்றர் பொருத்தமானது. உருண்டையைப் பிடித்திருக்கும் 16 மில்லிமீற்றர் போல்ட்டுகளோடு படியின் தகட்டைச் சேர்த்துப் பூட்டுவதை நான் விரும்புவதில்லை. படியைத் தயாரித்தவர் அவ்வாறே வடிவமைத்திருந்தால், தகட்டின் தடிப்புக்கு ஏற்ப நீளமான போல்ட்டுகளை வாங்கி, நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு புரிகள் தெரிவதை உறுதிப்படுத்துங்கள்.

பொருத்தி முடிந்ததும் இருவர் படியில் ஏறி நின்று மெதுவாக அசைந்து பார்க்க, மூன்றாமவர் கீழிருந்து சட்டத்தையும் போல்ட்டுகளையும் கவனிக்க வேண்டும். முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர் எல்லா போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மீண்டும் சரிபாருங்கள். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போய் வந்தாலும், கடற்கரையில் ட்ரெயிலரை இறக்கினாலும், அன்றே நல்ல தண்ணீரால் படியின் மூட்டுகளையும் கொக்கியையும் கழுவி, மடக்குப் படியாயின் அதன் அச்சுக்குக் கிறீஸ் வையுங்கள்.