படித்து முடித்துப் பல ஆண்டு கழித்து முதல் நர்ஸ் வேலை: வாய்ப்பைக் கெடுக்கும் தவறுகள்

நர்சிங் படித்து முடித்தாயிற்று, சான்றிதழும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கல்யாணம், குழந்தை, வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர், அல்லது கிடைத்த வேறு வேலை என்று ஆறேழு வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள்கூட ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்ததில்லை. இப்போது முதல் வேலை தேட வேண்டும்.

வார்டு இன்சார்ஜாக இருந்தபோது இப்படி வந்த பலரை இன்டர்வியூவில் பார்த்திருக்கிறேன். இடைவெளி இருந்தது என்பதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நான் பார்த்தவரை குறைவு. அதைப் பற்றிப் பேசிய விதத்தால் வாய்ப்பை இழந்தவர்கள்தான் அதிகம். கேள்வி கேட்பவர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: இவரை நம்பி ஒரு நோயாளியை விட்டுவிட்டு நான் அடுத்த கட்டிலுக்குப் போகலாமா?

ரெஜிஸ்ட்ரேஷனைப் பார்க்காமல் விண்ணப்பிப்பது

பலரும் முதலில் ரெஸ்யூம் தயார் செய்கிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியது உங்கள் நர்சிங் கவுன்சில் பதிவு இன்றைக்குச் செல்லுபடியாகிறதா என்பதை. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், சில இடங்களில் தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும். சில இடங்களில் மறுபயிற்சி வகுப்போ பணி நேரச் சான்றோ கேட்பார்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். வேலை உறுதியான பிறகு இது தெரிய வந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றியவர்கள், பட்டச் சான்றிதழ், பதிவு, அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

தடுப்பூசியும் அப்படித்தான். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள் என்று மூன்று தவணை. போட்ட பதிவு கையில் இல்லையென்றால் இன்றே விசாரிக்கத் தொடங்குங்கள்.

இடைவெளியை மறைப்பது

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். தேர்ச்சி பெற்ற வருடத்தை ரெஸ்யூமில் எழுதாமல் விடுகிறார்கள். படிக்கும்போது மருத்துவமனைப் பயிற்சியில் (கிளினிக்கல் போஸ்டிங்) பார்த்ததை வேலை அனுபவம் போல எழுதுகிறார்கள். தெரிந்த சிறு மருத்துவமனையில் ஓர் அனுபவச் சான்றிதழ் வாங்கிச் சேர்ப்பவர்களும் உண்டு.

முதல் வருடத்திலேயே நமக்குச் சொல்லித் தந்தது என்ன? செய்யாததைச் செய்ததாக நோயாளியின் சார்ட்டில் எழுதக் கூடாது. ரெஸ்யூமில் இரண்டு வருடத்தைக் கூட்டி எழுதியவர், நள்ளிரவில் பார்க்காத பிபியைப் பார்த்ததாக எழுத மாட்டார் என்று எப்படி நம்புவது? நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அப்படித்தான் யோசிப்பார், அதில் தவறும் இல்லை. பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் இந்த வேலையோடு பதிவும் ஆபத்தில் சிக்கும்.

மறைக்காமல் சுருக்கமாகச் சொன்னால் போதும். "படிப்பு முடிந்ததும் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. மூன்று மாதமாக இதற்குத் தயாராகி வருகிறேன், சென்ற மாதம் பிஎல்எஸ் முடித்தேன்." இவ்வளவுதான். (பிஎல்எஸ் என்பது நெஞ்சு அழுத்தம் கொடுத்து உயிர் காக்கும் அடிப்படைப் பயிற்சி.) மாமியார் கதையோ கடன் கதையோ அங்கே வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் குரலும் வேண்டாம். குடும்பத்தைப் பார்த்துக்கொண்டது குற்றமில்லை. வீட்டில் ஒருவருக்கு டியூப் ஃபீடிங் கொடுத்திருந்தால், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்திருந்தால், அதையும் சொல்லுங்கள். அனுபவக் கணக்கில் சேர்க்காமல், வீட்டில் செய்ததாகவே சொல்லுங்கள்.

பழைய நோட்டை நம்பிப் போவது

இதயத் துடிப்பு நின்ற வயது வந்த ஒருவருக்கு முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், 2010க்கு முன்பு படித்தவர்கள் சிலர் மூச்சுப் பாதை, மூச்சு, பிறகு நெஞ்சு அழுத்தம் என்று வரிசையாகச் சொல்வார்கள். 2010ல் அந்த வரிசை மாறி, நெஞ்சு அழுத்தம் முதலில் வந்துவிட்டது. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் 2015 வழிகாட்டியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மேல் போகாமல் என்று வரம்பு கட்டினார்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பழைய பதிலைச் சொன்னால் புத்தகத்தை மூடி எத்தனை வருடமாயிற்று என்று அந்த நொடியே தெரிந்துவிடும். பிஎல்எஸ் அட்டை பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும். கல்லூரியில் வாங்கியது இப்போது உதவாது.

அதற்காகப் பாடப்புத்தகம் முழுவதையும் திரும்பப் படிக்க உட்காராதீர்கள். பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். ஒரு தவறு நடந்தால் நோயாளிக்கு உடனே கெடுதல் வரும் இடங்களைத்தான் கேள்வி கேட்பவர் முதலில் தொடுவார். அங்கிருந்து தொடங்குங்கள்: மருந்துக் கணக்கு, இன்சுலின், ரத்தம் ஏற்றும்போது பார்க்க வேண்டியவை, ஊசி மூடியைத் திரும்பப் போடாமல் அப்படியே ஷார்ப்ஸ் பெட்டியில் போடுவது, உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட கைச் சுத்த வழிகாட்டியில் வரும், கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள்.

மருந்துக் கணக்கைத் தினமும் பேப்பரில் போட்டுப் பாருங்கள். 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. தாளைக் கையில் கொடுத்ததும் வியர்த்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு தெரியாதவர்கள் இல்லை, பல வருடமாகப் போட்டுப் பார்க்காதவர்கள்.

இன்னொன்றை வாய்விட்டுப் பழக வேண்டும். டாக்டரைக் கூப்பிட்டு நோயாளி மோசமாகிறார் என்று சொல்லும் முறை: என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும். எஸ்பிஏஆர் (SBAR) என்று சொல்வது இதைத்தான், இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகள். படித்தால் சுலபமாகத் தெரியும், பேசிப் பார்த்தால்தான் எங்கே தடுமாறுகிறோம் என்பது புரியும்.

எல்லாம் தெரியும் என்பது

"ஐவி கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் போடும் சிறு குழாய்) போடுவீர்களா?" என்றால் உடனே "போடுவேன்" என்று சொல்லிவிடாதீர்கள். "படிக்கும்போது மேற்பார்வையில் போட்டிருக்கிறேன். பல வருடமாகிவிட்டது. முதல் சில முறை யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது" என்று சொன்ன ஒருவரை நாங்கள் அந்த வாரமே எடுத்துக்கொண்டோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவருக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்களுக்கு இருந்தது.

கிடைத்தால் போதும் என்று சேர்வது

முதல் வேலையே ஐசியுவில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கொஞ்சம்தான். இத்தனை வருடம் கழித்து யார் எடுப்பார்கள் என்ற பயத்தில், கேட்ட முதல் இடத்தில் தலையாட்டிவிடுகிறவர்கள்தான் நிறைய. ஆள் பற்றாக்குறையுள்ள ஓர் இடத்தில் மூன்றாம் நாளே தனியாக நைட் டியூட்டி போட்டுவிடுவார்கள். அங்கே ஏதாவது தவறு நடந்தால் பாதிக்கப்படுவது நோயாளியும் நீங்களும்தான்.

சேரும் முன் தயங்காமல் கேளுங்கள். எத்தனை வாரம் சீனியரோடு வேலை செய்வேன்? ஒரு ஷிப்டில் எனக்கு எத்தனை நோயாளிகள்? இரவில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? இதற்குப் பதில் சொல்லாமல் எப்போது சேருவீர்கள் என்று மட்டும் கேட்கிற இடத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடமும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அசலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம்.

பெரிய வார்டு உடனே கிடைக்கவில்லையென்றால் முதியோர் இல்லம், டயாலிசிஸ் பிரிவு, புறநோயாளிப் பிரிவு எதையும் குறைவாக எண்ண வேண்டாம். ஆறு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தால், உங்களைப் பற்றிச் சொல்ல ஓர் இன்சார்ஜ் கிடைப்பார். உங்களை மறந்துபோன கல்லூரி ஆசிரியரின் பரிந்துரையைவிட அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக, வீட்டில் பேசாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள். "நைட் டியூட்டி பார்ப்பீர்களா?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, நன்றாகப் போய்க்கொண்டிருந்த இன்டர்வியூவைத் தவறவிட்டவர்கள் உண்டு. எட்டு நாள் இரவு வந்தால் குழந்தையை யார் பார்ப்பது, பெரியவர்களுக்கு மருந்து யார் கொடுப்பது என்பதையெல்லாம் முந்தின வாரமே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.