கோணல் கண்ணாடியிலா, சோதனை லென்ஸிலா? திருப்பிப் பாருங்கள்

தொலைநோக்கிக் கண்ணாடியைச் சோதிக்கும்போது அஸ்டிக்மாடிசம் (ஒரு திசையில் வளைவு கூடியும் குறுக்குத் திசையில் குறைந்தும் இருக்கும் கோணல்) தெரிந்தால் உடனே பாலிஷ் மேடைக்கு ஓடாதீர்கள். கண்ணாடியை அதன் அச்சில் 90 டிகிரி திருப்பி, கை பட்ட சூடு ஆறியதும் மறுபடி பாருங்கள். கோணலும் கூடவே திரும்பினால் பிழை கண்ணாடியில்தான். அசையாமல் நின்றால், அப்புறம் சோதனை லென்ஸை (சோதனைக்காக ஒளிப்பாதையில் வைக்கும் லென்ஸை) மட்டும் திருப்புங்கள். இப்போது கோணல் திரும்பினால் லென்ஸ்தான் காரணம். அப்போதும் நகரவில்லையா? தாங்கியில் கண்ணாடி தொய்கிறது, அல்லது அச்சு சரியாக அமையவில்லை.

ஒவ்வொரு பிழையும் தன் பாகத்தோடு ஒட்டியே திரும்பும் என்பதால் இது பலிக்கிறது. இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளி அலைகளை ஒப்பிட்டுப் பரப்பின் பிழையை அளக்கும் கருவி) உள்ளவர்கள், கண்ணாடியைத் திருப்பியபின் எடுத்த இரண்டாவது அளவீட்டைக் கணக்கில் 90 டிகிரி பின்னால் திருப்பி, முதலாவதோடு சராசரி எடுத்தால் தாங்கியின் அஸ்டிக்மாடிசம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

ஆனால் கோளப் பிறழ்ச்சிக்கு (ஓரத்தில் படும் ஒளியும் நடுவில் படும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத பிழைக்கு) இந்த வித்தை உதவாது. அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதால் எப்படித் திருப்பினாலும் மாற்றம் தெரியாது. 1990இல் ஏவிய ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி கெட்டது அந்த வகைப் பிழையால்தான்: சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தவறியிருந்தது. அதனால் சோதனை லென்ஸின் இடைவெளியைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஃபூக்கோ (குவியும் ஒளியைக் கத்தி முனையால் மறைத்துப் பார்க்கும் சோதனை) போன்ற வேறொரு முறையிலும் சரிபாருங்கள்.