ஹீட்டர் இல்லாமல் ஹாட் யோகா: தோட்டப்புற வீட்டில் தொடங்குவது எப்படி?

சூடேற்றிய அறையில் செய்யும் ஹாட் யோகா என்றதும் கோலாலம்பூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டூடியோதான் பலருக்கு நினைவுக்கு வரும். பேராக் மாநிலத்தின் பீடோரிலோ சுங்கை சிப்புட்டிலோ குடியிருப்பவர் அதைத் தேடிப் பேருந்து ஏற வேண்டியதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தகரக் கூரை போட்ட ஹாலுக்குள் நின்றாலே போதும், ஸ்டூடியோக்காரர் மின்கட்டணம் கட்டி வரவழைக்கும் சூடு இங்கே இலவசமாகக் கிடைக்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஸ்டூடியோவில் வெப்பத்தை அளந்து கொடுக்கிறார்கள். வீட்டில் நமக்கு அளவு தெரிவதில்லை. அதனால் ஆசனத்துக்கு முன்பே வெப்பத்தை அளக்கவும் குறைக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். மூச்சையும் உடம்பையும் அந்தந்தக் கணத்தில் கவனிக்கும் மனக்கவனப் பயிற்சியை இதோடு சேர்ப்பதும் அதற்காகத்தான். உடம்பு காட்டும் முதல் அறிகுறியைப் பிடிக்க வேறு கருவி கிடையாது.

முதலில் வெப்பக் கணக்கு

யோகா ஆசிரியர் பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய முறையில் அறையை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, ஈரப்பதத்தை 40 விழுக்காட்டில் வைத்து, 2 மூச்சுப் பயிற்சிகள் உட்பட 26 பயிற்சிகளை 90 நிமிடங்களில் முடிப்பார்கள். நம் ஊரில் வெப்பம் அவ்வளவு ஏறாது. ஆனால் ஈரப்பதம் 70, 80 என்று நிற்கும்.

வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கிவிடும். வெப்பக் குறியீட்டு அட்டவணைப்படி 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்குச் சுமார் 41 டிகிரி போல இருக்கும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 80 ஆனால் சுமார் 45. இதற்கு மேல் ஹீட்டர் எதற்கு?

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி, நீங்கள் படுக்கும் உயரத்தில் வையுங்கள், சுவரில் உயரமாக மாட்ட வேண்டாம். தொடக்கநிலைக்கு நாங்கள் சொல்லும் எல்லை இது:

- 30 டிகிரி வரை: ஜன்னலைப் பாதி சாத்தலாம், காற்றாடி வேண்டாம்.
- 31, 32 டிகிரி, ஈரப்பதம் 70க்குள்: ஜன்னல் முழுக்கத் திறந்து, காற்றாடி ஒன்றாம் எண்ணில்.
- 33க்கு மேல், அல்லது 32 டிகிரியோடு ஈரப்பதம் 80: ஆசனம் வேண்டாம். உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதோடு நிறுத்துங்கள்.

காற்றாடி போட்டால் அது ஹாட் யோகாவா என்று கேட்பவர்கள் உண்டு. அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு போலத்தான் அது. திருகு இல்லாத அடுப்பில் யாரும் சமைப்பதில்லை.

வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் ஓர் இடத்தில் தொடர்ந்து மூன்று நாளாவது உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி இருந்தால் அது முதல் நிலை எச்சரிக்கை. அந்த வாரம் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றிவிடுங்கள். புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் மூச்சுப் பயிற்சியையும் தள்ளிப்போடுங்கள்.

யார் செய்யக்கூடாது

கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள், ஒருமுறை வெப்பத்தாக்கத்தில் விழுந்தவர்கள், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருப்பவர்கள் சூட்டில் செய்யவே கூடாது. இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) இரத்த அழுத்தமும் நம் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுநீர் அதிகம் பிரியவைக்கும் அழுத்த மாத்திரைகள் உடம்பின் நீரையும் உப்பையும் முன்கூட்டியே குறைத்துவிடும். அட்டெனோலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகள் இருதயத் துடிப்பை அடக்கி வைப்பதால், துடிப்பைப் பார்த்து உடம்பின் சிரமத்தை அளக்க முடியாது. இன்சுலின் சூட்டில் வேகமாக உறிஞ்சப்படும், சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மாத்திரைப் பையை அப்படியே கிளினிக்குக் கொண்டுபோய், "சூடான அறையில் நாற்பது நிமிடம் உடற்பயிற்சி செய்யலாமா?" என்று நேராகக் கேளுங்கள். "யோகா செய்யலாமா?" என்று மட்டும் கேட்டால் தாதியோ டாக்டரோ சரி என்றுதான் சொல்வார்கள்.

நேரம், இடம், சாமான்

நல்ல நேரம் மாலை ஐந்தரை முதல் ஆறரை. மழை பெய்யாத நாளில் அப்போது 30 டிகிரியை ஒட்டி நிற்கும். பழைய லயத்து வீடு என்றால் தகரத்தின் சூடு இறங்க இன்னும் அரைமணி நேரம் விடுங்கள். மத்தியானம் பன்னிரண்டு முதல் நான்கு வரை தொடவே வேண்டாம்.

அந்தி நேரத்தில் கொசு வரும். அதற்குக் கொசுவர்த்தி ஏற்றி அதே அறையில் ஆழமாக மூச்சிழுப்பது, பயிற்சியே செய்யாமல் இருப்பதைவிட மோசம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், அல்லது கைகால் மூடும் மெல்லிய பருத்தி உடை போடுங்கள்.

யோகா மேட் ஒன்று, அதன் நீளத்துக்குப் பருத்தித் துண்டு ஒன்று, முகம் துடைக்கச் சின்னத் துண்டு ஒன்று. மேட்டின் மேல் துண்டு இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் கால் வழுக்கும். துண்டின் நுனிகளில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் பிடிப்பு கூடும்.

தண்ணீரும் சாப்பாடும்

வயிறு நிறைய சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு ரொட்டி என்றால் ஒரு மணி நேரம். மாலை நாலரைக்கு நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்குக் குனிந்தால் அது எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு மணி நேரம் முன்னதாக 400 முதல் 500 மில்லிலிட்டர் தண்ணீர். இடையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு. எவ்வளவு இழந்தோம் என்று அறிய எளிய வழி எடை பார்ப்பது: சிறுநீர் கழித்துவிட்டு முன்னால் ஒருமுறை, வியர்வையைத் துடைத்து, நனைந்த துணியை மாற்றியபின் ஒருமுறை. அரைக் கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ அரை லிட்டர் போயிருக்கிறது. அதற்கு ஒன்றேகால் மடங்கு, அதாவது 600 மில்லிலிட்டருக்குச் சற்று மேல், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பருகுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அன்று அறை அதிகச் சூடு, அல்லது நேரம் அதிகம்.

குறைந்தது கொழுப்பு அல்ல, வெறும் தண்ணீர். வியர்வையில் நச்சு வெளியேறும் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. வியர்வையில் இருப்பது பெரும்பாலும் நீரும் உப்பும்தான்.

வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு கிளாஸ் நல்லது. இளநீரில் பொட்டாசியம் தாராளம், உப்பு குறைவு. ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்கவும். பாட்டில் ஐசோடோனிக் பானத்தில் சர்க்கரை இருப்பதை இனிப்பு நீர்க்காரர்கள் மறக்க வேண்டாம்.

படி 1: ஐந்து நிமிடம் உட்காருங்கள்

சம்மணமிட முடிந்தால் சம்மணம், முடியாவிட்டால் நாற்காலி. மூக்கு நுனியில் காற்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனித்து, ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்ணாகப் பத்து வரை எண்ணுங்கள். பிறகு மீண்டும் ஒன்று. மோட்டார்சைக்கிள் சத்தம், பக்கத்து வீட்டுத் தாளிப்பு, நாளைய பள்ளிப் பேருந்துக் கட்டணம் என மனம் ஓடத்தான் செய்யும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மனதை வெறுமையாக்க முயல்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஓடியதைக் கண்டுபிடிப்பதே பயிற்சி.

கண்ணை மூடினால் படபடப்பு வருகிறவர்கள் திறந்தே வைத்து, நான்கு அடி தள்ளித் தரையைப் பார்க்கட்டும்.

படி 2: நின்று செய்பவை, 15 நிமிடம்

முழு மூச்சுப் பயிற்சியும் மூக்கு வழியாகவே. வாய் தானாகத் திறந்துகொண்டால் அதுவே நிறுத்தச் சொல்லும் மணி. உட்கார்ந்து, மூக்குக்குத் திரும்பிய பிறகு தொடருங்கள்.

ஆழ்மூச்சு: கால்களைச் சேர்த்து நின்று, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். எட்டு முறை.

அர்த்த சந்திராசனம்: கைகளை மேலே கோத்து, பக்கவாட்டில் வளைந்து 20 வினாடி. வளையும்போது மார்பு முன்னால் கவிழும். சுவரில் முதுகு சாய்த்துச் செய்தால் கவிழ்வது உடனே தெரியும். இருபுறமும் இரண்டு முறை.

பாத ஹஸ்தாசனம்: குனிவதைவிட நிமிர்வதில்தான் இங்கே கவனம் வேண்டும். சூட்டில் தோலடி இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், இரத்தம் கால்களில் தேங்கும். சட்டென்று நிமிர்ந்தால் மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறைந்து கண் இருட்டும். முழங்கால் மடக்கிக் குனிந்து, நிமிர ஐந்து மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். தலை கடைசியில் வரட்டும். இன்னொன்று: சூட்டில் தசை இளகித் தரையைத் தொட முடிந்துவிடும். தசை இளகிய சந்தோஷத்தில் இன்னும் இழுத்தால், முழங்காலுக்குப் பின்னாலும் உட்காரும் எலும்பின் அடியிலும் தசைநார் காயப்படும். அன்று வலிக்காது, மறுநாள் காலையில் படி இறங்கும்போதுதான் தெரியும். உங்களால் முடிகிற அளவில் முக்கால்வாசியில் நிறுத்துங்கள்.

உத்கட்டாசனம்: நாற்காலியில் உட்காரப்போவது போல 20 வினாடி, மூன்று முறை. துடிப்பு அதிகம் ஏறுவது இதில்தான். முடித்ததும் ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரையும் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் தொடரலாம்.

விருட்சாசனம்: வியர்த்த தொடையில் பாதம் நிற்காது. கெண்டைக்காலில் வையுங்கள், முழங்கால் மூட்டின் மேல் மட்டும் வேண்டாம். பார்வையை ஒரே புள்ளியில் ஊன்றுங்கள்.

திரிகோணாசனம்: கால்களுக்கிடையே மூன்று அடி போதும். படத்தில் பார்த்தபடி அகட்டினால் துண்டோடு சேர்ந்து வழுக்குவீர்கள்.

இந்தப் பகுதியில் வியர்வை கண்ணோரம் இறங்கும். உடனே துடைக்காமல் மூன்று மூச்சு விட்டுப் பாருங்கள்: எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போகிறது, அரிப்பு கூடுகிறதா குறைகிறதா. பிறகு துடையுங்கள். எரிச்சல் வந்தவுடன் கை எழாமல் இருக்கப் பழகுவது, கோபம் வந்தவுடன் வாய் திறக்காமல் இருக்கவும் உதவும்.

படி 3: தரையில், 12 நிமிடம்

இரண்டு நிமிடம் சவாசனம். பிறகு பவனமுக்தாசனம் ஒரு காலுக்கு 20 வினாடி. புஜங்காசனத்தில் கையால் தள்ளி எழாமல் முதுகுத் தசையால் எழுங்கள். தொப்புள் தரையை விட்டு எழக்கூடாது. இரண்டு முறை. அர்த்த கூர்மாசனத்தில் குதிகால்மேல் உட்கார்ந்து முன்னால் நீண்டு 30 வினாடி. முழங்கால் வலித்தால் இடையில் தலையணை. கடைசியில் அர்த்த மத்ஸ்யேந்திராசனம், இருபுறமும் ஒருமுறை.

படி 4: சவாசனமும் உடல் வலமும், 8 நிமிடம்

இதை வெட்டிவிட்டு ஓடுபவர்கள்தான் அதிகம். காற்றாடியை இரண்டாம் எண்ணுக்கு மாற்றிப் படுங்கள். இடது கால் கட்டைவிரலில் தொடங்கி, பாதம், கெண்டை, தொடை, பிறகு வலது கால், இடுப்பு, வயிறு, மார்பு, கைகள், கழுத்து, முகம் என்று கவனத்தை நகர்த்துங்கள். சூடு, ஈரம், துடிப்பு, மரத்துப்போனது எதுவானாலும் சரி. எதையும் மாற்ற வேண்டாம். ஜோன் கபாட்-ஸின் 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வார மனக்கவனத் திட்டத்தில் இதுவும் முக்கியப் பயிற்சி. தூங்கிவிடுகிறவர்கள் முழங்கையை மடக்கி முன்கையை நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். கண் அசந்தால் கை சாய்ந்து எழுப்பிவிடும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, சூட்டிலும் தோல் சில்லிட்டுப் பிசுபிசுப்பது. இவை வெப்பக் களைப்பு. வெளிக்காற்றுக்கு வந்து, படுத்து, காலை உயர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, காற்றாடிக் காற்றில் இருங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கம். 999க்கு அழைத்துவிட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

தனியாகச் செய்கிறவர்கள் கதவைத் தாழிட வேண்டாம், வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

எப்படிக் கூட்டுவது

உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அந்த வியர்வையில் உப்பும் குறையும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. குளிர்சாதன அலுவலகத்தில் இருக்கும் அவர் மகளுக்கு இல்லை. இருவரும் சேர்ந்து செய்தால் மகளின் அளவே அளவு. ஆனால் பகல் முழுக்க வெயிலில் வேலை செய்தவர் அன்று மாலையே சூட்டில் ஆசனம் செய்யக்கூடாது. இழந்த தண்ணீர் இன்னும் ஈடாகியிருக்காது.

முதல் வாரம் படி 1ம் 4ம் மட்டும், தினமும். இரண்டாம் வாரம் நின்று செய்பவற்றில் முதல் மூன்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் வாரத்தில் முழு 40 நிமிடம், வாரம் மூன்று முறை. அதற்குமேல் நேரத்தைக் கூட்டலாம், வெப்பத்தைக் கூட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் பழக்கம் கலைந்துவிடும், முதல் வார அளவுக்குத் திரும்புங்கள். பயிற்சி இல்லாத நாளில் தே ஓ ஒரு கிளாஸ் கைப்பேசி பார்க்காமல் குடித்து முடியுங்கள். அதுவும் மனக்கவனம்தான், மேட் தேவையில்லை.

முடித்ததும் ஈர உடையோடு உட்கார்ந்து அரட்டை அடித்தால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும். வியர்வை அடங்கியதும் குளித்து, இடுக்குகளை உலரத் துடையுங்கள். துண்டைத் துவைத்து வெயிலில் போடுங்கள். மேட்டை நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு காடி (வினிகர்) கலந்து துடைத்து நிழலில் காய வையுங்கள். இயற்கை ரப்பர் மேட் என்றால் காடி வேண்டாம், ஈரத்துணியே போதும். வெயிலில் போட்டால் சீக்கிரமே வெடித்துத் தூளாகும். பால்மரத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.