ஒரு மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி: பூர்வகுடிப் பாசிமணித் தையலில் முதல் வட்டம்

ஆடையில் குத்திக்கொள்ள, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம் ஒன்றைத் தைக்கப் போகிறோம். கனடாவின் மேட்டி, க்ரீ, அனிஷினாபே மக்கள் தலைமுறைகளாகப் போற்றிவரும் இரட்டை ஊசித் தையல் இது. கண்ணாடிப் பாசிமணிகள் ஐரோப்பிய வணிகர்களோடு வந்தவைதான். ஆனால் சிப்பி மணிகளாலும் முள்ளம்பன்றி முட்களாலும் அழகு செய்யும் கலை அதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் கையில் இருந்தது.

தேவையானவை: மூன்று நிறங்களில் 11-ஆம் எண் பாசிமணி, மெல்லிய பாசி ஊசிகள் இரண்டு, நைலான் நூல், ஃபெல்ட் துணி, தையற்காரர்கள் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ், மெல்லிய தோல், ஊக்கு. எண் கூடக் கூட மணி சிறுக்கும். 11 என்றால் ஏறக்குறைய 2 மி.மீ. மணிகளைக் கம்பளித் துண்டின்மேல் கொட்டிக்கொள்ளுங்கள், உருண்டோடாது. இரண்டு முழத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கும்.

ஃபெல்ட்டின் அடியில் கேன்வாஸை வைத்து, நடுவில் புள்ளியிடுங்கள். முதல் ஊசியை அடியிலிருந்து மேலே இழுத்து, ஒரு மணியைக் கோத்து, பக்கத்திலேயே கீழே இறக்குங்கள். அந்த மணியை ஒட்டி ஊசியை மறுபடி மேலே கொண்டுவந்து ஆறு மணிகளைக் கோத்து, நடுமணியைச் சுற்றிப் படுக்க வையுங்கள். கோத்தவற்றில் முதல் மணிக்குள் ஊசியை மீண்டும் நுழைத்துக் கீழே இறக்கினால் வளையம் மூடிக்கொள்ளும்.

இனி இரண்டாம் ஊசியின் வேலை. இரண்டு மணிக்கு ஒருமுறை, மணிகளைக் கோத்த நூலின் குறுக்கே சிறு தையல் போட்டு அதைத் துணியோடு பிடித்து வையுங்கள். அவசரப்பட்டு ஐந்தாறு மணிக்கு ஒரு தையல் போட்டால், வட்டம் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். அணிந்த சில நாட்களில் நெளிந்துவிடும்.

அடுத்த சுற்றுக்கு ஏறக்குறைய 12, அதற்கடுத்து 18. எண்ணிக்கையைவிடக் கண்ணை நம்புங்கள். மணி மிகுந்தால் வரிசை மேடு கட்டும். குறைந்தால் துணி தெரியும். இரண்டுக்கும் மருந்து பிரிப்பதுதான். பிரிப்பதும் இந்தக் கலையின் பாதி என்றே நான் நினைக்கிறேன். கோபத்தோடு ஊசி எடுக்கக் கூடாது, மனநிலை மணிகளில் இறங்கிவிடும் என்று பல சமூகங்களில் சொல்லித் தருகிறார்கள். வேண்டுமென்றே ஒரு மணியை நிறம் மாற்றிக் கோப்பவர்களும் உண்டு: குறையற்றது படைத்தவனின் வேலை மட்டுமே என்ற பணிவு அது.

இந்தத் தையலை ஆறுதல் என்று பூர்வகுடி மக்கள் சொல்லும்போது அதன் எடையை உணர வேண்டும். கனடா அரசும் தேவாலயங்களும் நடத்திய உறைவிடப் பள்ளிகள் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் பிரித்தன. கையிலிருந்து கைக்குப் போக வேண்டிய கலை பல வீடுகளில் அறுந்தது. காணாமற்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களின் நினைவாக மொக்கசின் என்ற மென்தோல் காலணியின் மணி கோத்த மேல்பகுதிகளை அனுப்புமாறு மேட்டி ஓவியர் கிறிஸ்டி பெல்கோர்ட் 2012-இல் கேட்டார். அவர் கேட்டது 600 ஜோடி. வந்தது 1,600-க்கும் மேல். முடியாமல் நின்ற அந்த வாழ்வுகளைப் போலவே, அவை காலணிகளாகத் தைக்கப்படவில்லை.

ஆகவே நிறமும் வடிவும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு குடும்பத்துக்கே உரிய பூ வடிவத்தை நகலெடுக்காதீர்கள். உங்கள் வேலையைப் பூர்வகுடிக் கைவினை என்று விற்காதீர்கள். அமெரிக்காவில் அது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

ஏழாம் சுற்றில் வட்டம் ஏறக்குறைய 3 செ.மீ. ஆகிவிடும். தையலில் படாமல் 2 மி.மீ. விட்டுத் துணியை வெட்டுங்கள். தோலில் ஊக்கைப் பொருத்தி, அதைப் பின்னால் வைத்து விளிம்பைத் தையுங்கள்: ஒரு மணி கோத்து, ஒரு மணி அகலம் தள்ளி இரண்டு அடுக்கையும் பின்னாலிருந்து முன்னால் குத்தி, அதே மணிக்குள் அடியிலிருந்து ஊசியை ஏற்றி இழுத்தால் மணி நிமிர்ந்து நிற்கும். தொடக்கத்தில் மட்டும் இரண்டு மணி. சுற்றி வந்ததும் முதல் மணிக்குள் ஊசியை இறக்கி, முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே மறைத்துவிடுங்கள்.

முதல் வேலையைப் பிறருக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. என் முதல் வட்டம் அக்காவின் சால்வையில் இருக்கிறது.